சேலத்தில் வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னங்குறிச்சிப் பக்கம் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டிக் குடிவந்து சில மழைக்காலம் ஆகிவிட்டது. நான் பொறியாளர் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஆனாலும் சொந்தத்திலோ அலுவலகத்திலோ யாராவது கடைக்கால் எடுக்கப் போகிறார்கள் என்றால் ஒரு போன் வந்துவிடுகிறது. பெரும்பாலும் டைல்ஸ், பெயின்ட், எலிவேஷன் (வீட்டு முகப்பு) பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அதையெல்லாம் பத்து வருஷம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் சுவருக்குள்ளும் போய் மறைகிற சமாச்சாரத்தை மாற்ற முடியாது. அதனால் இங்கே அதற்குத்தான் இடம் அதிகம்.

இடம் வாங்கும்போது பத்திரம் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

முதலில் பத்திரத்தையே முடித்துவிடுவோம். தாய்ப்பத்திரம், குறைந்தது 30 வருஷத்து வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, புல வரைபடம் ஆகிய நான்கையும் ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்ல வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமில்லா மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. "அதெல்லாம் ரெகுலரைஸ் ஆயிருச்சுங்க" என்று தரகர் வாயால் சொன்னால் போதாது, ஆணையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் கட்டிட அனுமதியும் சிக்கும், வங்கிக் கடனும் சிக்கும்.

அடுத்தது தண்ணீர் போகிற வழி. ஏற்காட்டு மலையில் பெய்கிற மழை கீழே இறங்கி ஓடைகள் வழியாக மூக்கனேரி போன்ற ஏரிகளுக்கு வருகிறது. அங்கே நிரம்பினால் திருமணிமுத்தாறு. இந்த வழியில் எத்தனையோ ஓடை இன்று தெருவாகவும் மனையாகவும் ஆகிவிட்டது. தண்ணீருக்கு அது தெரியாது, பழைய வழியிலேயேதான் வரும். வெயில் காலத்தில் மனை பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடம்தான். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள். அந்தத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து "போன மழைக்கு எதுவரைக்கும் தண்ணி நின்னுதுங்க?" என்று கேளுங்கள். எந்த ஆவணத்திலும் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

ரோடு மட்டத்தையும் பாருங்கள். ரோடு போடப் போடப் பல இடங்களில் பழைய ரோட்டின் மேலேயே அடுத்த ரோடு ஏறுகிறது. பழைய தெருக்களில் வாசல்படி இறங்கிப் போகிற வீடுகளைப் பார்த்தால் புரியும். பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டின் தரை மட்டத்தை, இன்றைய ரோட்டிலிருந்து மூன்றடியாவது தூக்கி வைப்பது நல்லது.

சேலத்து மண் எப்படி? மண் பரிசோதனை அவசியமா?

அவசியம். பக்கத்து மனையில் இருக்கிற மண்தான் நம் மனையிலும் இருக்கும் என்று இந்த ஊரில் சொல்லவே முடியாது. ஓரிடத்தில் செம்மண், கொஞ்சம் தள்ளினால் சுக்கான் (சுண்ணாம்புக் கல் கலந்த மண்), இன்னும் தள்ளினால் பாறை. மாக்னசைட் சுரங்கங்கள் இருக்கிற நகரமலைப் பக்கம் வெள்ளை மண். ஏரிக்குக் கீழே இருந்த பழைய வயல்களில் களிமண்ணும் கரிசலும். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவரில் கோணலாக விரிசல் ஓடும்.

பாறை வந்தால் சிலர் சந்தோஷப்படுகிறார்கள், "கெட்டியான இடம்" என்று. முழுக்கப் பாறை என்றால் சந்தோஷப்படலாம். மனையின் ஒரு பாதியில் பாறை, மறுபாதியில் மண் என்றால்தான் யோசிக்க வேண்டும். பாறை மேல் நிற்கிற தூண் அசையாது, மண் மேல் நிற்கிற தூண் காலப்போக்கில் ஒரு நூல் அளவு இறங்கும். விரிசல் அந்த வித்தியாசத்தில்தான் வருகிறது. அடிவாரப் பகுதியில் இன்னொரு தொந்தரவு உருண்டைக் கல். ஜேசிபி தோண்டும்போது ஒரு பெரிய கல் தட்டுப்பட, "பாறை வந்திருச்சு" என்று அங்கேயே நிறுத்தித் தூணைத் தூக்கிவிடுவார்கள். அது மண்ணில் புதைந்து கிடக்கிற தனிக்கல்லாக இருக்கலாம். சுற்றிலும் கொஞ்சம் தோண்டி, அது தொடர்கிற பாறைதானா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

குறைந்தபட்சம் மனையின் எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு சோதனைக் குழி. முடிந்தால் முறையான பரிசோதனை. மொத்தச் செலவில் அது ரொம்பச் சின்னத் தொகை. அந்த அறிக்கை கையில் இருந்தால் கம்பியும் ஆழமும் கணக்குப் பார்த்து வரும். இல்லாவிட்டால் பொறியாளர் பயத்தில் கூட்டிப் போடுவார், அந்தக் காசும் நம்முடையதுதான்.

அனுமதி வாங்குவது இப்போது சுலபமாகிவிட்டதாமே?

ஆமாம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டிடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள் என்றால் இணையத்திலேயே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்து வீடுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் சுயசான்று என்றால் சொல்வது எல்லாம் உண்மை என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம் என்று அர்த்தம். வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளி காட்டிவிட்டு, கட்டும்போது காம்பவுண்டோடு ஒட்டிச் சுவர் எழுப்பினால் பின்னால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

வாஸ்து நாள் பட்டியலில் ஆடிக்கும் இடம் உண்டு. ஆனால் நம் ஊரில் ஆடியில் பூமி பூஜை போடுவது அபூர்வம். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஆள் கிடைப்பதும் கஷ்டம். சரி, ஆடி போகட்டும் என்று ஆவணியில் ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் வம்பு. குழி தோண்டி முடிக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நின்ற குழியில் அடிமண் சேறாகிவிடும். மோட்டார் வைத்து இறைத்துவிட்டு அதே சேற்றின் மேல் பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊறிய மண்ணை வழித்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

என் ஓட்டு தை மாதத்துக்கு. மழை ஓய்ந்த மண், நல்ல வெளிச்சம். பங்குனி, சித்திரை வெயிலில் கூரை போட வேண்டி வரும், அது சிரமம்தான். ஆனால் வெயிலைத் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம், மழையை நிறுத்த முடியாது. ஒன்று, வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் போர்வெல் ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கோடையில் கட்டிடத்துக்கு டேங்கர் தண்ணீர் வாங்க ஆரம்பித்தால் கணக்கு கிழிந்துவிடும்.

முழு கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா?

தினமும் காலையும் மாலையும் இடத்துக்குப் போக வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் லேபர் கான்ட்ராக்ட். பொருள் நாம் வாங்குவது, வேலை அவர்களுடையது. அப்படி யாரும் இல்லையென்றால் முழு கான்ட்ராக்ட். இரண்டிலும் ஏமாறலாம், இரண்டிலும் நன்றாகவும் கட்டலாம்.

சண்டை வருவது பெரும்பாலும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்கிற ஒற்றை வரியில். அந்தச் சதுர அடிக்குள் போர்டிகோ உண்டா? பால்கனி முழுசா பாதியா? மாடிப்படி மேல் அறை? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, கேட், தட்டோடு, மேல் தொட்டி இதெல்லாம் உள்ளேயா வெளியேயா? ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். கம்பி எந்தத் தரம், சிமெண்ட் எந்த வகை, டைல்ஸ் சதுர அடி எந்த விலை வரைக்கும், ஒரு அறைக்கு எத்தனை பாயின்ட், கதவு என்ன மரம் என்பதும் எழுத்தில் வேண்டும். "ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டுப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

பணம் வேலை முடிந்த நிலைக்குத்தான், நாள் கணக்குக்கு அல்ல. பேஸ்மட்டம் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னல் மேல் விட்டம்) வந்தால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு. கடைசித் தவணை கொஞ்சம் கனமாக நம் கையில் இருக்க வேண்டும். பூச்சு முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற சில்லறை வேலைக்கு ஆள் திரும்பி வருவது அந்தத் தவணைக்காகத்தான்.

பொருள் சரியாக வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பிக்குச் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீளக் கம்பி என்றால் 8 மி.மீ. கிட்டத்தட்ட 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ, 16 மி.மீ. 19 கிலோ இருக்க வேண்டும். சின்ன ஏற்ற இறக்கம் இருக்கலாம், ஒரேயடியாகக் குறைந்தால் கேள்வி கேளுங்கள். தரத்தில் 500 டி, 550 டி என்று வருகிற 'டி' முக்கியம். அது கம்பி ஒடியாமல் வளைந்து கொடுக்கும் தன்மையைக் குறிக்கிறது. 2002-இல் வெளியான நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. அதனால் தூணைச் சுற்றிக் கட்டுகிற வளையத்தின் கொக்கி உள்பக்கமாக 135 டிகிரி வளைந்திருக்க வேண்டும் என்பதையும் கம்பி கட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள். வெறுமனே 90 டிகிரி மடக்கிவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருக்கிறது.

எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் நூறு கன அடி. லாரி கொட்டுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தொட்டியின் நீள, அகல, உயரத்தை அளந்துவிடுங்கள். ஓட்டுநர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. கட்டுவதற்கு எம்-சாண்ட், பூசுவதற்கு அதைவிட நைசான பி-சாண்ட். உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தால் மாவாக ஒட்டுகிற மணல், கல் உடைக்கிற கிரஷர் தூசியைக் கலந்த மணல்.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்னால் போட்ட எஸ்டிமேட்டை யாராவது நீட்டினால் திருத்தச் சொல்லுங்கள்.

செங்கல்லா, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லா என்பது தீராத பஞ்சாயத்து. மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் இந்தப் பக்கம் ஃபிளை ஆஷ் கல் தாராளமாகக் கிடைக்கிறது. அளவு ஒரே சீராக இருக்கும், பூச்சுக் கலவை மிச்சம். நன்றாக வெந்த செங்கல்லுக்கும் நான் எதிரி இல்லை. எதுவானாலும் ஒரு கல்லை எடைபோட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி எடைபோடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த லோடு வேண்டாம்.

கூரை போடுகிற அன்று என்னென்ன கவனிக்க வேண்டும்?

கான்கிரீட் நாள் ஒரு திருவிழா மாதிரிதான் நடக்கும். மிக்சர் சத்தம், வரிசையாக ஆள், வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ, வடை, மதியம் பிரியாணி. அந்தச் சந்தடியில் யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். அதனால் பார்க்க வேண்டியதை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். பொறியாளர் கம்பியைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மிக்சருக்கே சொல்லாதீர்கள்.

முந்தின நாள்: கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் (இடைவெளி விடுகிற சின்னக் கட்டி) இருக்கிறதா? கூரைக்கு 20, பீமுக்கு 25, தூணுக்கு 40, அடிக்கடைக்காலுக்கு 50 மி.மீ. ஜல்லித் துண்டைச் செருகி வைப்பது வேண்டாம், ஆள் நடக்கும்போது உருண்டு போய்விடும். கம்பி பலகையில் படுத்துவிட்டால் சில வருஷத்தில் துரு பிடித்து, அடியில் காரை பெயர்ந்து விழும். ஃபேன் பெட்டி, லைட் பைப், மழைநீர் இறங்கும் குழாய், சமையலறைப் புகைபோக்கி வழி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா? பலகையைத் தாங்குகிற முட்டுகள் உறுதியான தரையில் நிற்கின்றனவா, புதிதாகக் கொட்டிய மண்ணிலா? பார்த்தபின் ஒவ்வொரு அறையையும் மேலிருந்து படம் எடுத்துவையுங்கள், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து.

போடுகிற அன்று பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் வேலை சுலபம், வேகமாகப் பரவும். அதனால் மிக்சர் ஆள் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25, 26 லிட்டர் போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போய்விடும், அது இருந்த இடம் பொடிப்பொடி ஓட்டையாக நிற்கும். மழையில் ஒழுகுவது அந்த வழியாகத்தான். அளவுப் பக்கெட் ஒன்றை மிக்சர் பக்கத்தில் வைத்து, வீட்டு ஆள் ஒருவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். என் மாமனார் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பிரியாணிக்குக்கூட நகரவில்லை.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்? ஏழு நாள் போதும் என்கிறாரே மேஸ்திரி?

ஏழு நாள் என்பது ஓ.பி.சி. (எதுவும் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்குச் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்); அதற்குக் குறைந்தது பத்து நாள். வறண்ட வெயில் என்றால் பதினான்கு நாள் வரை நீட்டச் சொல்கிறது இந்திய தர விதி. சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் நான் பதினான்கையே கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான் இறுகுகிறது. நடுவில் தண்ணீரை நிறுத்துவது சோறு அரைவேக்காட்டில் இருக்கும்போது அடுப்பை அணைக்கிற மாதிரி.

கூரைக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதால் கவலையில்லை. ஏமாறுவது தூணிலும் சுவரிலும்தான். காலையில் ஒருமுறை ஹோஸ் பிடித்துவிட்டுப் போனால் பதினோரு மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். தூணைச் சுற்றிச் சாக்கு கட்டி அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் யார் பெயரும் இருக்காது; கேட்டால் வாட்ச்மேன் என்பார்கள், வாட்ச்மேன் சித்தாள் என்பார். தனியாகச் சம்பளம் பேசி ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

முட்டுப் பிரிப்பதிலும் அவசரம் வேண்டாம். சுவருக்குச் சுவர் பதினைந்து அடிக்குள் இருக்கிற கூரைக்கு ஏழு நாளும் அதற்கு மேல் பதினான்கு நாளும் விதியில் இருப்பது ஓ.பி.சி. கணக்குத்தான். பி.பி.சி.க்கு இன்னும் கொஞ்சம் நாள் விடுங்கள். செண்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது என்று மேஸ்திரி அவசரப்படுவார்.

மேஸ்திரியோடு கருத்து வேறுபாடு வந்தால்?

வரும். "முப்பது வருஷமா கட்டறனுங்க, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் சொல்வதில் பாதி அனுபவம், மதிக்க வேண்டியது. மீதி பழக்கம். ஆட்கள் முன்னால் அவரை மடக்காதீர்கள். மாலையில் கூலி கொடுக்கும்போது தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, இஞ்சினியர் இப்படிச் சொல்லிட்டாருங்க, எனக்காக இதை மட்டும் செஞ்சிருங்க" என்றால் வேலை நடக்கும். பொறியாளர் மேல் பழியைப் போடுவது இதற்குத்தான் ரொம்ப உபயோகம்.

ஒயரிங், பிளம்பிங்கில் எதை மறந்துவிடுவார்கள்?

இன்வெர்ட்டருக்குத் தனி லைன். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை சோலாருக்கு ஒரு காலி பைப். வண்டி நிறுத்துகிற இடத்தில் சார்ஜ் போட ஒரு பாயின்ட். இப்போது தேவையில்லை என்றாலும் காலி பைப்புக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை. பின்னால் சுவரைக் கொத்துவதுதான் செலவு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. அந்த எண்ணம் இருந்தால் மேல் தொட்டியை மாடியின் வடக்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பேனல் மேல் நிழல் விழாது.

பிளம்பிங்கில் ஒரே விதி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் சோதனை. குழாயில் அழுத்தம் ஏற்றி ஓரிரவு விட்டுப் பார்க்க வேண்டும். மாடிக் குளியலறையில் நீர்த்தடைப் பூச்சுப் பூசியபின் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழே வந்து கூரையைப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் அப்போது சரிசெய்வது சின்ன வேலை, டைல்ஸ் ஒட்டியபின் பெரிய வேலை.

அப்புறம் படம். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்துப் படம் எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு சாமி படம் மாட்ட டிரில் போட்டு, நேராகத் தண்ணீர்க் குழாயில் இறக்கிவிட்டார்கள்.

வீடு சூடாக இருக்காமல் இருக்க என்ன வழி? வாஸ்துவும் பார்க்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தே கேட்டது நல்லது, ஏனென்றால் இரண்டும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. வாஸ்துப்படி குடும்பத் தலைவர் படுக்கையறை கன்னி மூலை, அதாவது தென்மேற்கு. மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரை வெயில் வாங்குகிற மூலை அதுதான். ராத்திரி படுக்கும்போது சுவர் தன் சூட்டைத் திருப்பித் தரும். எங்கள் வீட்டிலும் அறை அங்கேதான், அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மேற்குச் சுவர் முழுக்கத் துணி அலமாரி வைத்துவிட்டோம், ஜன்னல் தெற்கில் மட்டும், அதற்கு ஆழமான சன்ஷேட். வாஸ்துக்கு வாஸ்துவும் ஆச்சு, சூடு நேராக உள்ளே வருவதும் குறைந்தது. மற்ற இடங்களில் மேற்கில் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் வைத்துக்கொள்ளலாம்.

சுவரைவிட அதிகச் சூடு இறங்குவது கூரை வழியாக. அந்தக் காலத்தில் கூரை மேல் சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். சூட்டையும் தடுக்கும், தண்ணீருக்கு வாட்டமும் கொடுக்கும். அதை ஒழுங்காகப் போடத் தெரிந்த ஆள் கிடைத்தால் இன்றைக்கும் என் தேர்வு அதுதான். கிடைக்கவில்லையென்றால் வாட்டம் கொடுத்துக் கலவை போட்டு, வெள்ளை நிறக் கூல் டைல்ஸ். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வேண்டும். மழைநீர் இறங்க இரண்டு வழியாவது வையுங்கள். ஒன்றை இலை அடைத்தாலும் இன்னொன்று இருக்கும்.

காற்றுக்கு எதிரெதிர் ஜன்னல். ஹாலில் ஒரே பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, எதிரே முழுச் சுவர் எழுப்பி, பிறகு ஏசி வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

மாநகராட்சிக் குழாயில் மேட்டூர்த் தண்ணீர் தினமும் வராது, விட்டு விட்டு வரும். அதனால் சம்பைப் பெரிதாகக் கட்டுங்கள். போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும். அதற்கும் குடிநீருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய், சமையலறைக்கு இரண்டு லைன். ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டால் ஹீட்டரும் குழாயும் சுண்ணாம்பு படிந்து கெடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். கட்டாயத்துக்காகப் பேருக்கு ஒரு குழி வெட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். 20 மி.மீ. மழைக்கு ஏறக்குறைய 1,850 லிட்டர். அதை ரோட்டில் விட்டுவிட்டு டேங்கருக்கு போன் போடுவானேன்? முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, வடிகட்டி, அப்புறம் சம்ப். நிரம்பி வழிவது போர் பக்கத்துக் குழிக்கு.

ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று இருக்கிறோம். இதே கணக்குத்தானா?

இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே மாறும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது, அதனால் கீழே இருக்கிற சுயசான்று வசதியை நம்பி மேலே மனை வாங்காதீர்கள். அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு, பிறகு அட்வான்ஸ்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஒவ்வொரு மூட்டையும் வர வேண்டும். பெரிய லாரி ஏறாத எஸ்டேட் ரோடு என்றால் அடிவாரத்திலோ பாதியிலோ மாற்றி ஏற்ற வேண்டும், இரட்டை ஏற்றுக்கூலி. வேலை நேரமும் குறைவு. மூடுபனியும் மழையும் பாதி நாளைத் தின்றுவிடும்.

மிக முக்கியமானது சரிவு. சரிவை வெட்டித் தட்டையாக்கி வீடு கட்டுவதைவிட, சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாகத் தளம் அமைப்பது பத்திரம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தாங்குசுவர் வேண்டும், அதில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் வேண்டும், ஓட்டைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். தாங்குசுவரைத் தள்ளுவது மண் மட்டும் அல்ல, மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீரும்தான். ஓட்டையே இல்லாமல் வழவழவென்று பூசி, அழகாகப் பெயின்ட் அடித்த தாங்குசுவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மற்றபடி அங்கே பிரச்சினை சூடு இல்லை, ஈரம். சாய்வான கூரையும் நீளமான இறவாரமும் வைத்து, மரச்சாமானைச் சுவரோடு ஒட்டாமல் போட வேண்டும். ஆளில்லாமல் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பூசணம் பூத்துவிடும்.

பட்ஜெட்டை மீறாமல் கட்ட முடியுமா?

மீறாமல் கட்டியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. போட்ட கணக்குக்கு மேல் 15 சதவீதம் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். வங்கி பணத்தை மொத்தமாகத் தராது, வேலை நிலைக்கு ஏற்பத் தரும்; அதுவும் நம் பங்கு போட்டபின். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவில் வேலை நிற்காத அளவுக்குக் கைப்பணம் வேண்டும். சிக்கனம் பண்ணத்தான் வேண்டும் என்றால் ஃபால்ஸ் சீலிங், எலிவேஷன் டிசைன், மாடுலர் கிச்சன் இவற்றில் பண்ணுங்கள். கம்பியிலும் நீர்த்தடையிலும் வேண்டாம்.

கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு என்ன வேலை இருக்கிறது?

முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு அதற்காகப் பெயின்டரை விரட்டுவது இங்கே சகஜம். பூச்சு ஈரமாக இருக்கும்போதே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் பொரிந்து வரும். நாள் நெருங்கிவிட்டால் வெறும் பிரைமரோடு பால் காய்ச்சிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பெயின்ட் ஒரு வெயில் காலம் கழித்து அடிக்கலாம்.

மின்வாரியத்தில் கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் அதிகம். வீட்டு இணைப்பாக மாற்றினால்தான் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் கணக்கில் வரும். அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். சொத்து வரிக்கும் குடிநீர் இணைப்புக்கும் அப்படியே விண்ணப்பம். முதல் பெருமழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். மேஸ்திரிக்குத் தர வேண்டிய கடைசித் தவணை அன்றைக்கும் உங்கள் கையில் இருந்தால் ரொம்ப நல்லது.